ரம்பத்துக்கு முன் நான்கு மாலைகள்: சுங்கை சிப்புட்டில் ஒரு ரெசின் ஹார்னெட்

ஹார்னெட் போர்விமானத்தின் சிறு மாதிரியை ஒட்டிக் கட்டுவதற்கான ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவிடும் பிசின்) துண்டுகள் கொண்ட பெட்டி வந்த அன்றே கிராணி ஐயா ரம்பத்தை எடுத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது விமான உடலின் இடப்பாதி அவர் கையில் இருந்தது. அடிவயிற்றில் வார்ப்பின்போது ஒட்டிக்கொண்டு வந்த உபரிக் கட்டையை எங்கே அறுப்பது என்று ரம்பத்தின் பல்லை வைத்து அளந்துகொண்டிருந்தார். "ஐயா, நான்கு நாள் பொறுங்கள்" என்றேன். "எண்பது வயதுக்காரனிடம் நான்கு நாள் கேட்கிறாயே, தம்பி" என்றார். ஆனாலும் ரம்பத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். அந்த நான்கு மாலைகளில் நாங்கள் கண்டதை, ரெசின் கிட் வாங்கி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முழுதாக எழுதுகிறேன்.

ஐயா மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை. அவருடைய சிறுவயது, பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களோடு மோதிய அவசரகாலத்தில் கழிந்தது. 1948 ஜூன் 16 அன்று இதே வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. விடியற்காலையில் அம்மாவோடு பெரட்டுக்களத்தில் (தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில்) நின்றபோது பால்மர உச்சிகளை உரசுவதுபோல இரட்டை இயந்திர விமானங்கள் பறந்து போனதை ஐயா இன்றும் கையை வீசிக் காட்டுவார். அந்த நாளைய விமானங்களில் அவர் மனம் ஒட்டிக்கொண்டது டி ஹாவிலண்ட் ஹார்னெட்டோடு. 1951 முதல் 1955 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் ஹார்னெட்டுகள் பட்டர்வொர்த்திலிருந்தும் சிங்கப்பூரின் தெங்காவிலிருந்தும் பறந்தன. அதன் 32இல் ஒரு பங்கு அளவுள்ள ரெசின் கிட்டை ஐரோப்பாவில் ஒரு சிறு பட்டறை வார்க்கிறது என்று அறிந்ததும், பேரனை வைத்து ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கட்டி வரவழைத்துவிட்டார்.

நான் ஈப்போவில் செயற்கைப் பல் செய்யும் தொழிலாளி. சிலிக்கோன் அச்சும் வார்ப்பும் சுருக்கமும் என் அன்றாடப் பிழைப்பு. அதனால்தான் ஐயா என்னைக் கூப்பிட்டார். அதனால்தான் நானும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எதை மதிப்பிடுகிறோம்

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட் எஃகு அச்சில் அழுத்தத்தோடு பிறக்கிறது. முதல் பெட்டிக்கும் ஆயிரமாவது பெட்டிக்கும் அதில் வேறுபாடு காண்பது அரிது. ரெசின் கிட் அப்படியல்ல. சிலிக்கோன் அச்சில் கையால் ஊற்றி எடுப்பது அது. சில பத்து வார்ப்புகளில் அச்சு களைத்துவிடும். விளிம்பு கிழியும், நுண்கோடுகள் மழுங்கும். ஆகவே வேறொருவர் வாங்கிய அதே கிட்டைப் பற்றி அவர் சொல்வது நம் பெட்டிக்குப் பொருந்தும் என்று சொல்லவே முடியாது. நம் மேசையில் இருக்கும் இந்த வார்ப்பைத்தான் மதிப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அறுத்த துண்டைத் திருப்பி அனுப்ப முடியாது. பெட்டியில் வந்தபடியே இருக்கும்வரை மாற்றுத் துண்டு கேட்க வாங்கியவருக்கு நியாயம் இருக்கிறது. ரம்பம் பட்ட மறுநொடி அந்த நியாயம் பாதியாகிவிடுகிறது. முதல் மாலையில் நாங்கள் செய்ததெல்லாம் எண்ணியதும் படம் எடுத்ததும்தான். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் ஓர் அளவுகோலை வைத்து, விளக்கவுரையின் எண்ணைத் தாளில் எழுதி, ஐயாவின் பேரன் கைப்பேசியில் படமெடுத்தான். இரண்டு துண்டுகள் பயணத்தில் உடைந்திருந்தன. இரண்டும் சிறியவை, ஒட்டினால் தீரும்.

அளவு

ஹார்னெட்டை அளந்து பார்க்க வேண்டுமென்றால் போய் நிற்க இடமில்லை. கடற்படைக்கான வகையையும் சேர்த்து 383 கட்டப்பட்டன. இன்று முழுமையான ஹார்னெட் உலகில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் பதிவான அளவுகளும் மட்டுமே துணை.

இறக்கையின் முழு அகலம் 45 அடி, அதாவது 13.716 மீட்டர். அதை 32ஆல் வகுத்தால் 428.6 மில்லிமீட்டர். உடலின் இரு பாதிகளையும் நாடாவால் சேர்த்துக் கட்டி, இறக்கைகளை இருபுறமும் முட்டவைத்து, நுனிக்கு நுனி அளந்தோம். 426 வந்தது. இரண்டரை மில்லிமீட்டர் குறைவு. ஐயா முகம் சுருங்கினார். எனக்கு அது கவலை தரவில்லை. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்குவது அதன் இயல்பு. எல்லாத் துண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

நீளத்தைப் பொறுத்தவரை புத்தக அளவோடு ஒப்பிடுவதைவிட இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே முக்கியம். மொத்த நீளம் என்று அச்சிட்டிருப்பது எந்த முனையிலிருந்து எந்த முனைவரை என்பதில் குழப்பம் வரலாம். இரண்டு பாதிகளுக்கு இடையில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. வெர்னியர் அளவியை வைத்ததும் உண்மை தெரிந்தது. வலப்பாதி இடப்பாதியைவிட 1.5 மில்லிமீட்டர் குட்டை. இதுதான் தொல்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கலவையில் வார்த்தவை அல்ல என்று என் தொழில் சொன்னது. மூக்கில் பொருத்தினால் வால் தள்ளும், வாலில் பொருத்தினால் மூக்கு தள்ளும். இறக்கை சேரும் இடத்தில் இரண்டையும் சரியாகப் பொருத்திக்கொண்டு, வித்தியாசத்தை முன்னும் பின்னும் பங்கிட வேண்டும் என்று முடிவு செய்தோம். வாலில் உள்ள சுக்கான் தனித் துண்டாக இருப்பதால் பின்பக்கத்துப் பங்கை அங்கே மறைத்துவிடலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உண்மையான ஹார்னெட்டின் உடலும் இப்படித்தான் இரண்டு பாதிகளாகப் பிறந்தது. இலேசான பால்சா மரத்தை ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்து, பெரிய அச்சுகளின்மேல் வளைத்து ஒட்டி, ஒவ்வொரு பாதியின் உள்ளேயும் கருவிகளைப் பொருத்திய பிறகே நடுக்கோட்டில் சேர்த்தார்கள். அதே நிறுவனத்தின் முந்தைய மாஸ்கிட்டோ விமானத்தில் பழகிய முறை அது. பாதி உடலைக் கையில் பிடித்து உட்புறத்தைப் பார்க்கும்போது, 1940களில் ஒரு தொழிலாளி நின்று பார்த்த அதே கோணத்தில் நாமும் பார்க்கிறோம். இதைச் சொன்னதும் ஐயா அந்தப் பாதியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

வளைந்த இறக்கை

இரண்டாம் மாலை பழைய கடை அலமாரிக் கண்ணாடி ஒன்றை மேசையில் போட்டு, இறக்கைகளை அதன்மேல் கிடத்தினோம். இட இறக்கை படிந்தது. வல இறக்கையின் நுனி 4 மில்லிமீட்டர் தூக்கி நின்றது.

வளைந்த ரெசினைச் சுடுநீரில் போட்டு நிமிர்த்தலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: இந்த வளைவு எங்கே வந்தது? பெட்டிக்குள் அழுந்திக் கிடந்து வந்ததா, அல்லது அச்சிலிருந்து முழுதாய் இறுகும் முன்னே உருவியதால் வந்ததா? சோதனை எளிது. கை பொறுக்காத சூட்டில் நீரை அகலத் தட்டில் ஊற்றி, துண்டை அதில் போட்டு, எதுவும் அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். இறுகிய ரெசினுக்குத் தான் பிறந்த வடிவம் நினைவிருக்கும். பெட்டியில் வளைந்ததானால் தானாகவே நிமிரப் பார்க்கும். பிறவியிலேயே வளைந்ததானால் அசையாது.

ஐயாவின் மருமகள் ரொட்டி சுடும் தட்டைக் கொடுத்து உதவினார். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். நுனி அசையவில்லை. ஆக, இது பிறவி வளைவு. நிமிர்த்தினாலும் நம் ஊர்ப் பகல் சூட்டில், 32, 33 டிகிரியில், மெல்ல மெல்லப் பழைய வளைவுக்கே திரும்பும். சுடுநீர் மட்டும் போதாது. உள்ளே எலும்பு வேண்டும். இரண்டு இறக்கைகளுக்கும் உடலுக்கும் குறுக்கே ஓடுகிற உலோகக் கம்பி. சைக்கிள் சக்கரக் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன், துருப்பிடிக்காத எஃகு, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இறக்கையின் அடிப்பாகம் அதைத் தாங்கும் அளவுக்குத் தடிமனாக இருக்கிறதா என்று அளந்தோம். 7 மில்லிமீட்டர். போதும்.

குமிழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளமஞ்சள் ரெசினைக் கைவிளக்கின் முன் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் நிழலாகத் தெரியும். பாலியூரிதேன் கலவையில் ஈரம் கலந்தால் கரியமில வாயு பிறந்து குமிழாகும். இட இயந்திரக் கூட்டின் தோலுக்கு அடியில் ஒரு கொத்து இருந்தது. தேய்த்தால் வாய் திறக்கும். ஊசியால் இப்போதே குத்தித் திறந்து அடைப்பது நல்லது என்று குறித்துக்கொண்டோம். தேய்க்கும் வேலை முழுவதும் நீரில் நனைத்து, முகக்கவசத்தோடு என்பதையும் குறித்தோம். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறது.

எடையும் கால்களும்

பெரிய அளவு ரெசின் கிட்டை மதிப்பிடுகிறவர்கள் கோடுகளையும் ஆணித் தலைகளையும் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் பார்வையில் முதல் கேள்வி எடை. கோடு மழுங்கியிருந்தால் ஒரு மாலையில் திரும்பக் கீறிவிடலாம். சக்கரத்தைத் தாங்கும் கால் மடங்கினால், வண்ணமெல்லாம் பூசி முடித்து ஆறு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் விமானம் வயிற்றில் உட்காரும்.

ஹார்னெட் வாலில் சிறு சக்கரம் வைத்த விமானம். மூக்கு தூக்கி, வால் தாழ்த்தி நிற்கும். ஆகவே மூக்கில் ஈயம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எடையில் பெரும்பகுதி முன்னிரு கால்களில் விழும். சமையலறைத் தராசில் எல்லா ரெசின் துண்டுகளையும் போட்டோம். கழியப்போகும் கட்டைகளுக்கு ஒரு தோராயம் கழித்தால் 600 கிராம் சுற்றி நின்றது. கிட்டில் வந்த கால்கள் வெள்ளீயக் கலவை. நகத்தால் அழுத்தினால் தடம் விழும் மென்மை.

ரப்பர் மரப் பலகைத் துண்டு ஒன்றில் இரண்டு துளை போட்டு, கால்களைத் தலைகீழாக நட்டு, மேலே ஒரு சிறு பலகையை வைத்தோம். அதன்மேல் அரைக் கிலோ சீனிப் பொட்டலம். பொட்டலத்தின்மேல் ஒரு சவர்க்காரக் கட்டி. தராசின்படி 600 கிராம். சாய்வு தெரிவதற்காகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஐயா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "சாய்ந்துவிட்டது, தம்பி." இடக்கால் கோட்டைவிட்டு 2 மில்லிமீட்டர் வெளியே போயிருந்தது. ஒரே நாளில். இந்த மென்மையான கலவை முறிவதில்லை. பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பேழைக்குள் பத்து ஆண்டு நிற்க வேண்டிய பொருளுக்கு அந்தக் கால்கள் ஆகா.

ஐயாவிடம் இன்னொரு செய்தியும் சொன்னேன். விமானப்படையின் ஹார்னெட்டுகள் தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்க, டி ஹாவிலண்ட் வழக்கப்படி, கால்களுக்குள் ரப்பர்க் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கப்பலில் இறங்கும் கடற்படை வகைக்கு அது தாங்காமல் எண்ணெய் அழுத்தத்தில் அதிர்ச்சி தாங்கும் கால்களுக்கு மாறினார்கள். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய கணக்கை முப்பது ஆண்டு எழுதியவர் அதைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா வெட்டிய பாலாகவும் இருந்திருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது இதழ்கள்

நான்காம் மாலையை மிச்சத் துண்டுகளுக்கென்று வைத்திருந்தோம். பெரிதாக எதுவும் வராது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஆய்விலேயே பெரிய குறை அன்றுதான் வந்தது.

ஹார்னெட்டின் இரண்டு மெர்லின் இயந்திரங்களும் ஒரே பக்கம் சுழல்வதில்லை. மெர்லின் 130 ஒரு பக்கம், 131 மறுபக்கம். ஒன்றின் முறுக்கு விசையை மற்றொன்று சமன் செய்யும். ஓடுபாதையில் விமானம் ஒருபுறமாக இழுக்காது. ஆகவே இரண்டு காற்றாடிகளின் இதழ்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். காற்றாடிக்கு நான்கு இதழ். பையில் ஒன்பது இருந்தன, ஒன்று உபரி.

ஓர் இதழை எடுத்தேன். அடிப்பகுதி என் பக்கம், புடைத்த முகம் மேலே. தடித்த விளிம்பு இடப்புறம் இருந்தது. அடுத்ததை அதன் பக்கத்தில் அதேபோல் வைத்தேன். இடப்புறம். மூன்றாவதும் இடப்புறம். ஐந்தாவதை வைக்கும்போது ஐயாவுக்கும் புரிந்துவிட்டது. மீதியை அவரே வாங்கி ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்பதும் இடப்புறம். எதிர்ப்பக்கத்து இதழ் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவர் ஒரே அச்சிலிருந்து எடுத்த இதழ்களைப் பைக்குள் போட்டு மூடியிருக்கிறார்.

கட்டத் தொடங்கியிருந்தால் இதை எப்போது கண்டிருப்போம்? காற்றாடிகள் கடைசியில்தான் ஏறும். உடல் ஒட்டி, இறக்கை ஏறி, வண்ணம் பூசி, விமானப்படையின் வட்டக் குறிகளும் பதித்து முடித்த பிறகு. அந்த நிலையில் எழுதிக் கேட்டால் "அறுத்துவிட்டீர்களே, தொலைத்திருப்பீர்கள்" என்று பதில் வந்தாலும் வாதிட வழியில்லை. முதல் மாலையில் எடுத்த படத்தில் ஒன்பது இதழ்களும் பையோடு இருந்தன.

முடிவு

திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று உட்கார்ந்து பேசினோம். ஒரு கிட்டின் குறைகளை எண்ணிக்கையால் எடை போடுவது எனக்கு உடன்பாடில்லை. கட்டப்போகும் கைகளையும் சேர்த்தே எடை போட வேண்டும். ஐயாவுக்குக் கண்புரை அறுவை நடந்து பார்வை தெளிவாக இருக்கிறது. ஆனால் வலது கை இலேசாக நடுங்குகிறது. உடலைச் சேர்ப்பது, தேய்ப்பது, வண்ணம் எல்லாம் அவரால் முடியும், பொறுமையாகவே செய்வார். மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த துணுக்குகளை விமானி அறைக்குள் ஒட்டுவது அவருக்குச் சித்திரவதை. சூப்பர் குளூ நம் ஈரக் காற்றில் கண் இமைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். திருத்த அவகாசம் தராது. அந்த வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டான். உடலுக்கும் இறக்கைக்கும் மெதுவாக இறுகும் எபோக்ஸிப் பசை என்று முடிவானது. பிளாஸ்டிக் கிட்டுக்கு ஊற்றும் பசை ரெசினைக் கரைக்காது என்பதால், ஐயாவிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு புட்டிகளும் அலமாரிக்குப் போயின.

கால்களை நாமே செய்வது. சைக்கிள் கம்பியை உள்ளே வைத்து, கிட்டின் வெள்ளீயக் காலைத் துளைத்து அதன்மேல் உறையாகப் போர்த்துவது. இறக்கைக்கும் அதே கம்பி. கட்டைகளை அறுக்கும்போது கோட்டைத் தொடாமல் 1 மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியைத் தேய்த்தே இறக்குவது. ரம்பம் தின்றதை யாரும் திருப்பித் தர முடியாது. ஏற்கெனவே குட்டையாக இருக்கும் வலப்பாதியில் இது இரட்டிப்பு முக்கியம்.

இதழ்களுக்கு மட்டும் பட்டறைக்கு எழுதினோம். மூன்று படங்களும் நான்கு வரிக் கடிதமும், குற்றம் சாட்டும் சொல் ஒன்றுமில்லை. பதில் வரும்வரை கட்டத் தொடங்குவதில்லை என்று ஐயாவே சொன்னார். எனக்கு அது வியப்பாக இருந்தது. உடலையாவது ஒட்டத் தொடங்கலாமே என்று கேட்டேன். "இதழ் வராவிட்டால் முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். நீதானே சொன்னாய்" என்றார்.

ஆறு வாரம் ஆனது. இடையில் ஐயாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. நான் வாரம் ஒருமுறை போவேன். பெட்டி அதே இடத்தில், கட்டிய நாடா அவிழாமல் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவரே அழைத்தார். மேசைமேல் சிறிய உறை ஒன்று பிரித்துக் கிடந்தது. அதிலிருந்து ஐந்து இதழ்களை எடுத்து, அடிப்பகுதி தன் பக்கம், புடைத்த முகம் மேலே என்று நடுங்கும் விரலால் ஒவ்வொன்றாக அடுக்கினார். தடித்த விளிம்பு ஐந்திலும் வலப்புறம். அலமாரியைத் திறந்து துணிச்சுருளை எடுத்துப் பிரித்து, ரம்பத்தை என்னிடம் நீட்டாமல் தானே வைத்துக்கொண்டார்.

"உடலின் இடப்பாதியைப் பிடித்துக்கொள், தம்பி" என்றார்.